லூக் ஃபைல்ட்ஸ்: காத்திருப்பவர்களை வரைந்தவர்

1870-இல் ஒரு நாள், 26 வயது ஓவியர் ஒருவர் சார்லஸ் டிக்கன்ஸிடம் ஒரு சந்தேகம் கேட்டார். டிக்கன்ஸ் அப்போது எழுதிக்கொண்டிருந்த ‘எட்வின் ட்ரூட்’ தொடர்கதையில் வரும் ஜாஸ்பர் அதுவரை கழுத்தில் சின்னதாக ஒரு கறுப்பு டை கட்டிக்கொண்டிருந்தான். புதிதாக வந்த பகுதியில் நீளமான, நெருக்கமாக நெய்த கறுப்புப் பட்டுத்துணியை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறான். ஏன் இந்த மாற்றம்? படம் போடுகிறவருக்கு இது தெரிந்தாக வேண்டும். டிக்கன்ஸ் முதலில் தயங்கினார். ரகசியத்தைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டார். அப்புறம் சொன்னார்: அந்தத் துணி இரண்டு சுற்று வந்தே ஆக வேண்டும், ஜாஸ்பர் எட்வின் ட்ரூடின் கழுத்தை நெரிப்பது அதை வைத்துத்தான்.

அந்த ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி டிக்கன்ஸ் இறந்துபோனார். பன்னிரண்டு மாதம் வரவேண்டிய தொடர் ஆறாவது பகுதியோடு நின்றது. ட்ரூட் செத்தானா, செத்தான் என்றால் கொன்றது யார் என்று வாசகர்கள் பல பத்தாண்டுகள் வாதம் செய்தார்கள். டிக்கன்ஸ் வேண்டுமென்றே வாசகரைத் திசைதிருப்பத்தான் அப்படியெல்லாம் குறிப்புகளை விட்டுவைத்தார் என்று சிலர் எழுதியபோது, 1905-இல் ஓவியரால் பொறுக்க முடியவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, அந்தக் கழுத்துத்துணி விஷயத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். கடைசிப் படத்துக்காகத் தன்னை மெய்ட்ஸ்டோன் சிறைக்கு அழைத்துப்போய், தூக்குத் தண்டனைக் கைதியின் அறையைக் காட்டுவதாக டிக்கன்ஸ் சொல்லியிருந்ததையும் அதில் எழுதினார்.

அந்த ஓவியர் லூக் ஃபைல்ட்ஸ். பிற்காலத்தில் இரண்டு மன்னர்களின் முடிசூட்டு உருவப்படங்களை வரைந்து, சர் பட்டம் வாங்கி, லண்டனின் பெரிய மனிதர்களில் ஒருவராக இறந்தவர். ஏழைகளை வரைந்து பெயர் வாங்கி, பிறகு பணக்காரர்கள் பக்கம் போய்விட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வது வழக்கம். அதில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கடைசிவரை கதைக்குப் படம் போடுகிறவராகவே இருந்தார். நடந்துகொண்டிருப்பதை வரைந்து, அடுத்து நடக்கப்போவதை அதற்குள் ஒளித்துவைப்பதுதான் அவர் கற்ற வித்தை. அந்த வித்தைக்கு இடம் கிடைத்த படங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. கிடைக்காத இடங்களில் பட்டும் எர்மின் என்ற வெண்மயிர்த் தோல் விளிம்பும் மட்டும் மிஞ்சின.

அவர் 1843-இல் லிவர்பூலில் பிறந்தார். வளர்த்தது பாட்டி, மேரி ஃபைல்ட்ஸ். இந்தப் பாட்டியைத் தாண்டிப் போய்விட முடியாது. 1819 ஆகஸ்ட் 16 அன்று, வாக்குரிமை கேட்டு மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் பெருங்கூட்டம் கூடியபோது, குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு உள்ளே புகுந்தது. பீட்டர்லூ படுகொலை என்று வரலாற்றில் நின்றுவிட்ட அந்த நாளில், மான்செஸ்டர் பெண்கள் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவியாக மேடையில் இருந்தவர் மேரி. அடியும் பட்டார். அப்படிப்பட்ட ஒருத்தியின் வீட்டில், செஸ்டர் நகரில், பேரன் வளர்ந்தான். பாட்டி அவனுக்கு அரசியல் சொல்லிக்கொடுத்தாரா என்பது வேறு விஷயம். ஆனால் கூட்டமாக நிற்கும் ஏழைகளை ஒவ்வொரு முகமாகப் பார்க்கும் பழக்கம் அந்த வீட்டுக்கு அந்நியமாக இருந்திருக்க வழியில்லை.

வாரிங்டன் ஓவியப் பள்ளி, அங்கிருந்து உதவித்தொகையில் லண்டனின் சவுத் கென்சிங்டன், பிறகு ராயல் அகாடமியின் பள்ளி. படிக்கும்போதே வயிற்றுப்பாட்டுக்குப் பத்திரிகைகளுக்குப் படம் போடத் தொடங்கிவிட்டார்.

அந்தக் காலத்தில் பத்திரிகைக்குப் படம் போடுவது எப்படி என்று கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஓவியர் பாக்ஸ்வுட் என்ற மிகக் கெட்டியான மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் வரைவார். அச்சில் இடம் வலம் மாறிவிடும் என்பதால் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட வேண்டும். பிறகு செதுக்குபவர் வருவார். கறுப்பாக அச்சாக வேண்டிய கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மீதியை உளியால் எடுத்துவிடுவார். அதோடு ஓவியரின் கைப்பட்ட மூலம் அழிந்துபோகும். பாக்ஸ்வுட் மரம் பருமனாக வளராது. எனவே முழுப்பக்கப் படம் என்றால் சின்னச் சின்னக் கட்டைகளைத் திருகாணியால் பிணைத்து ஒரே பிளாக்காக ஆக்குவார்கள். அவசரம் என்றால் கழற்றி ஆளுக்கொரு கட்டையாகக் கொடுத்துச் செதுக்குவதும் உண்டு. படம் முழுவதும் ஒரே கையால் வந்ததுபோல் தெரிய வேண்டும் என்றால், ஓவியர் போட்ட கோட்டில் குழப்பமே இருக்கக்கூடாது. இது நிழல், இது துணி, இது பனி என்று ஒவ்வொன்றும் தீர்மானமாக இருக்க வேண்டும். ஃபைல்ட்ஸின் எண்ணெய் வண்ண ஓவியங்களில் பின்னால் தெரியும் தெளிவு இந்தக் கட்டைகளில் பழகியது.

1869 டிசம்பரில் ‘தி கிராஃபிக்’ என்ற வார இதழ் தொடங்கியது. நிறுவியவர் வில்லியம் லூசன் தாமஸ், அவரே செதுக்குக் கலைஞர். ஓவியருக்கு முழுச் சுதந்திரமும் முழுப்பக்கமும் தருவது அவருடைய கொள்கை. முதல் இதழுக்கே ஃபைல்ட்ஸ் ஒரு படம் கொடுத்தார். பெயர் ‘ஹவுஸ்லெஸ் அண்ட் ஹங்ரி’, வீடுமில்லை சோறுமில்லை என்று பொருள். லண்டனுக்கு வந்த புதிதில், பனி கொட்டிய ஓர் இரவில் அவர் நேரில் பார்த்த காட்சி அது. வீடில்லாத ஏழைகளுக்கு ஒரு ராத்திரி தங்க இடம் தர வேண்டும் என்று 1864-இல் சட்டம் வந்திருந்தது. ஆனால் முதலில் காவல் நிலையத்தில் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டுக்காகச் சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி, தள்ளாடும் ஓர் ஆள், வேலை போன குடும்பம் ஒன்று, செருப்பில்லாத பிள்ளைகள். யாரும் யாரோடும் பேசவில்லை. கதவு திறக்கவில்லை. படத்தில் நடப்பது இவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தை ஓவியர் ஜான் எவரெட் மில்லே பார்த்துவிட்டு டிக்கன்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். டிக்கன்ஸுக்கு அப்போது ஆள் தேவைப்பட்டது. புதிய நாவலுக்கு மேலட்டை வரைந்திருந்த மருமகன் சார்லஸ் காலின்ஸ், உடல்நிலை காரணமாக விலகிவிட்டார். ஏழைகளை இவ்வளவு நன்றாக வரைகிறவருக்கு அழகான பெண்ணை வரைய வருமா என்பதுதான் டிக்கன்ஸின் கவலை. மாதிரிகள் அனுப்பச் சொன்னார், திருப்தியானார். இப்படி வந்ததுதான் எட்வின் ட்ரூட் நாவலின் பன்னிரண்டு படங்கள். டிக்கன்ஸின் பழைய ஓவியர்கள் முகங்களைக் கொஞ்சம் மிகைப்படுத்துவார்கள், மூக்கும் வயிறும் பெரிதாகும். ஃபைல்ட்ஸின் ஆட்கள் அறைக்குள் உண்மையாகவே உட்கார்ந்திருக்கிறார்கள், கனம் தெரிகிறது. ஜாஸ்பர் வரும் படங்களில் அவன் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். முடிவை அறிந்த ஒருவர் வரைந்த கண் அது.

நம் வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அடுத்த வாரம் என்ன என்று நாம் தவித்துக்கொண்டிருக்கும்போது, படம் போடுகிறவருக்கு மட்டும் நம்மைவிட ஒரு படி முன்னால் தெரிந்திருக்கும்.

டிக்கன்ஸ் இறந்த பிறகு ஃபைல்ட்ஸ் கேட்ஸ் ஹில் வீட்டுக்குப் போனார். கென்ட் மாவட்டத்தில் இருந்த அந்த வீட்டின் படிப்பறையில், மேசையிலிருந்து சற்றே விலகி நாற்காலி அப்படியே இருந்தது. அதை நீர்வண்ணத்தில் வரைந்தார். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு ‘தி கிராஃபிக்’ அதைச் செதுக்கு அச்சாக வெளியிட்டது. ‘காலி நாற்காலி’. மனிதர் இல்லை, கண்ணீர் இல்லை, தேவதை இல்லை. இப்போதுதான் எழுந்து போனவர் திரும்பி வருவார் என்பதுபோல் ஒரு நாற்காலி. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவரில் அது ஏறியது.

அதை மனதில் வைத்திருந்தவர்களில் ஒருவர் வின்சென்ட் வான்கோ. இளைஞராக லண்டனில் வேலை பார்த்தபோது, ஒவ்வொரு வாரமும் ‘தி கிராஃபிக்’கின் கண்ணாடி ஜன்னல் முன்னால் போய் நின்று புதிய படங்களைப் பார்த்தவர் அவர். பிறகு ஹேக் நகரில் வறுமையில் இருந்தபோதும் அந்த இதழின் பழைய தொகுதிகளை வாங்கிச் சேர்த்தார். தம்பிக்கு எழுதிய கடிதங்களில் ஃபைல்ட்ஸின் நாற்காலியைப் பற்றிப் பேசுகிறார். 1888-இல் ஆர்ல் நகரில் தன் நாற்காலியையும் நண்பரான ஓவியர் கோகனின் நாற்காலியையும் அவர் வரைந்தபோது, அந்த அச்சுப்படம் நினைவில் இல்லாமலா இருந்திருக்கும்? கலை வரலாற்றாளர்கள் பலரும் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். நவீன ஓவியத்தின் புகழ்பெற்ற நாற்காலிக்கு ஒரு பத்திரிகை ஓவியர் முன்னோடி என்பது எனக்கு மிகப் பெரிய சந்தோஷம்.

1874-இல் அந்தப் பனி இரவு வரிசையை ஃபைல்ட்ஸ் எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக வரைந்து ராயல் அகாடமியில் வைத்தார். எட்டடி அகலம். தெருவில் உண்மையாகவே வீடின்றி அலைந்தவர்களை ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்து நிற்கவைத்து வரைந்த படம். கூட்டம் நெருக்கியதால் முன்னால் கம்பித் தடுப்புப் போட்டு, ஒரு காவலரையும் நிறுத்த வேண்டியதாயிற்று. படத்துக்குள் ஏழைகளுக்கு ஒரு காவலர், படத்துக்கு வெளியே கனவான்களுக்கு ஒரு காவலர். சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளையும் படிக்க வேண்டும். கைவிடப்பட்ட குழந்தைக்கு அறிவித்த தொகையைவிடத் தொலைந்துபோன நாய்க்கு அறிவித்த தொகை பல மடங்கு அதிகம். இந்த மாதிரி ஒரு விஷயத்தைப் படத்தின் மூலையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது கதைப்பட ஓவியரின் கைவரிசை. இப்படி ஓர் அருவருப்பான காட்சியை வரவேற்பறையில் யார் மாட்டுவார்கள் என்று விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். படம் இப்போது லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியில் இருக்கிறது.

அதே ஆண்டு ஃபேனி வுட்ஸைத் திருமணம் செய்துகொண்டார். அவரும் ஓவியர், வெனிஸ் காட்சிகளால் பெயர்பெற்ற ஹென்றி வுட்ஸின் சகோதரி. ஃபைல்ட்ஸும் அப்புறம் நிறைய வெனிஸ் பெண்களை வரைந்தார். நல்ல வெயில், நல்ல நிறம், நன்றாக விற்றன. அவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கென்சிங்டனின் மெல்பரி சாலையில் கட்டடக் கலைஞர் நார்மன் ஷாவைக் கொண்டு பெரிய வீடும் ஸ்டுடியோவும் கட்டிக்கொண்டார். டிக்கன்ஸுக்குப் படம் போட்ட இன்னொரு ஓவியர் மார்கஸ் ஸ்டோனும் அதே சாலையில்தான் இருந்தார்.

அந்தப் புது வீட்டில்தான் அது நடந்தது. 1877 கிறிஸ்துமஸ் சமயத்தில் மூத்த மகன் ஃபிலிப் நோயில் இறந்தான். ஒரு வயதுதான். குழந்தையைப் பார்த்துக்கொண்ட டாக்டர் மர்ரேயின் பொறுமையையும் அக்கறையையும் தகப்பன் மறக்கவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து, சர்க்கரை வியாபாரத்தில் சம்பாதித்த ஹென்றி டேட், தான் நாட்டுக்குக் கொடுக்கவிருந்த கலைக்கூடத்துக்காக ஒரு படம் கேட்டார். விஷயத்தை ஃபைல்ட்ஸே தேர்ந்தெடுக்கலாம், கூலி 3,000 பவுண்டு. ஃபைல்ட்ஸ் மீனவர் குடிசைகளைப் போய்ப் பார்த்து, பென்சிலில் குறித்துக்கொண்டு வந்து, தன் ஸ்டுடியோவுக்குள் ஒரு குடிசையின் உள்ளறையை நிஜ அளவில் கட்டினார். 1891-இல் ‘டாக்டர்’ காட்சிக்கு வந்தது.

இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், இரண்டும் ஜோடி இல்லை. அவற்றின்மேல் தலையணை வைத்து ஒரு குழந்தை கிடக்கிறது, ஒரு கை வெளியே துவண்டு தொங்குகிறது. எதிரே டாக்டர், தாடையில் கைவைத்து, முன்னால் குனிந்து குழந்தையையே பார்க்கிறார். பின்னால் இருட்டில் தாய் மேசைமேல் முகம் கவிழ்ந்திருக்கிறாள், தகப்பன் அவள் தோளில் கைவைத்துக்கொண்டு டாக்டரின் முகத்தைப் பார்க்கிறான். விளக்கின் வெளிச்சம் ஒரு பக்கம். ஜன்னலில் மெல்ல விடிகிறது. கண்டம் தாண்டும் நேரம் அந்த விடியற்காலை என்று ஃபைல்ட்ஸே சொல்லியிருக்கிறார்.

டாக்டர் என்ன செய்கிறார்? ஒன்றுமே செய்யவில்லை. கையில் ஸ்டெதாஸ்கோப் இல்லை, நாடி பார்க்கவில்லை. மருந்து பாட்டில் மேசையில் இருக்கிறது, அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும். 1891-இல் கிருமிகளை அடையாளம் கண்டுவிட்டார்கள், உடம்புக்குள் போய் அவற்றைக் கொல்லும் மருந்து அநேகமாக எதற்கும் இல்லை. டாக்டரால் முடிந்தது கூடவே உட்கார்ந்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பது. அந்தக் கையாலாகாத விழிப்பைத்தான் ஃபைல்ட்ஸ் வரைந்தார். பனியில் கதவு திறக்கக் காத்திருந்தவர்களும் இந்தக் குடிசையில் காத்திருப்பவர்களும் ஒரே ஓவியத்தின் இரண்டு பக்கங்கள். இடையில் பதினேழு ஆண்டுகள், ஒரு குழந்தையின் சாவு.

இந்தப் படம் அச்சுப்பிரதியாக உலகம் முழுக்கப் போனது. அமெரிக்காவில் 1947-இல் தபால்தலையாகவும் வந்தது. 1949-இல் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்ற அதிபர் ட்ரூமனின் திட்டத்தை எதிர்த்த அமெரிக்க மருத்துவச் சங்கம், இதே படத்தைப் போஸ்டராகப் போட்டது. இந்தப் படத்துக்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள் என்று கீழே வாசகம். ஏழைக் குடிசையில் இரவெல்லாம் உட்கார்ந்த ஒருவரை, ஏழைக்கு மருத்துவம் எளிதில் கிடைக்க வேண்டும் என்ற திட்டத்துக்கு எதிராக நிறுத்தினார்கள். பீட்டர்லூவில் அடிபட்ட பாட்டியின் பேரன் வரைந்த படம் அது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

‘டாக்டர்’க்குப் பிறகு ஃபைல்ட்ஸ் பெரும்பாலும் உருவப்படங்களே வரைந்தார். காரணம் எளிது. கதை சொல்லும் பெரிய ஓவியம் ஆண்டுக்கணக்கில் நேரத்தைத் தின்னும். உருவப்படத்துக்கு ஆள் வந்து உட்காருவார், கூலி முன்பே பேசியாகிவிடும். குடும்பமும் பெரிது, வீடும் பெரிது. வேல்ஸ் இளவரசி அலெக்ஸாண்ட்ரா, பிறகு 1902-இல் ஏழாம் எட்வர்ட் மன்னர், 1912-இல் ஐந்தாம் ஜார்ஜ். முடிசூட்டு உடையில் மன்னர் நிற்கும் படத்துக்கு நகல் எடுப்பதற்கென்றே ஆட்களை வைத்துப் பிரதிகள் செய்து தூதரகங்களுக்கும் காலனிகளுக்கும் அனுப்பினார்கள்.

அந்த எட்வர்ட் படத்தில் குறை சொல்லக் கைவேலையில் ஒன்றும் இல்லை. வெல்வெட் வெல்வெட்டாக இருக்கிறது, பொன் மின்னுகிறது. ஆனால் அரசு முறை உருவப்படத்தின் இலக்கணமே நேரத்தை நிறுத்துவது. மன்னர் எதற்காகவும் காத்திருக்கக்கூடாது. அடுத்து என்ன ஆகுமோ என்ற கேள்வி பார்ப்பவர் மனதில் எழவே கூடாது. ஃபைல்ட்ஸின் முழுப் பலமும் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வா என்று சொன்னால், உள்ளே போவது திறமையான ஒரு கை மட்டும்தான். இதே காலத்தில் லண்டனில் இருந்த ஜான் சிங்கர் சார்ஜென்ட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவருக்குத் தூரிகை வீச்சே உயிர், கதை தேவைப்படவில்லை. ஃபைல்ட்ஸ் பணத்துக்காகத் தரம் இறங்கினார் என்பதை நான் ஏற்கமாட்டேன். தன் பலத்துக்குப் பொருந்தாத ஒரு வகையில் அவர் வெற்றி பெற்றுவிட்டார், அது தோல்வியைவிடக் கஷ்டமான நிலைமை.

1906-இல் சர் பட்டம். 1927-இல் மரணம். ஃபிலிப் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்துப் பிறந்த இன்னொரு மகன் பால், நுண்ணுயிர் ஆய்வாளரானார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த டொனால்ட் வுட்ஸ் 1940-இல், சல்ஃபா மருந்துகள் பாக்டீரியாவை எப்படி மடக்குகின்றன என்பதைக் கண்டறிந்தார். அண்ணனைக் காப்பாற்ற டாக்டர் மர்ரேயிடம் இல்லாத அந்த வகை மருந்துகளின் சூட்சுமம், தம்பியின் மேசைக்குப் பக்கத்தில் விளங்கியது.

மன்னர்களை வரைந்த காலத்திலும் ஒரே ஒருமுறை பழைய ஃபைல்ட்ஸ் திரும்பி வந்தார். 1910 மே 6-ஆம் தேதி ஏழாம் எட்வர்ட் பக்கிங்ஹாம் அரண்மனையில் காலமானார். ஃபைல்ட்ஸை வரவழைத்து, இறந்து கிடக்கும் மன்னரை வரையச் சொன்னார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் செங்கோலும் அங்கியுமாக வரைந்த அதே ஆள். இந்த முறை கான்வாஸ் இல்லை, எண்ணெய் இல்லை. பாஸ்டல் வண்ணக்குச்சிகளை எடுத்துக்கொண்டு போய், தலையணையில் சாய்ந்திருந்த ஒரு வயதானவரின் முகத்தை வரைந்தார். டிக்கன்ஸின் அறையில் அந்த நாற்காலி முன்னால் உட்கார்ந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.